தாத்தா எந்தப் படையில் இருந்தார்? ஒரு சிப்பாயின் போர்க்காலத்தைத் தேடி எழுதுவது எப்படி

பட்டாளத்துக்குப் போன தாத்தா ஒருவர் நம்மில் பலருடைய குடும்பத்தில் இருக்கிறார். டிரங்குப் பெட்டியில் ஒரு மெடல், சுவரில் மங்கிப்போன ஒரு போட்டோ, "பர்மாவுல சண்டை போட்டாராம்" என்று ஒரு வரி, பெரும்பாலும் மிச்சம் இவ்வளவுதான். முதல் உலகப் போரில் இந்தியாவிலிருந்து 13 லட்சம் பேருக்கு மேல் போனார்கள், இரண்டாம் போரில் பிரிட்டிஷ் இந்தியப் படை ஏறக்குறைய 25 லட்சம் பேராகப் பெருகியது. அந்தத் தளபதிகளைப் பற்றி அலமாரி நிறையப் புத்தகம் கிடைக்கும். பாலம் கட்டியவர், கண்ணிவெடி எடுத்தவர், கழுதை மேல் ரொட்டி மூட்டை ஏற்றிக்கொண்டு மலையேறியவர் பெயரைத் தேடினால் வீட்டாரைத் தவிர வேறு யாரும் வைத்திருப்பதில்லை.

போர் வரலாறு எழுதுகிறவர்களின் அன்றாட வேலையைப் பார்த்தால் பெரும்பகுதி இந்த மாதிரித் தேடல்தான். ஒரு ஆள், ஒரு யூனிட், ஒரு தேதி என்று பிடித்துக்கொண்டு காகிதத்தைக் காகிதத்தோடு ஒப்பிடுவது. இதற்குப் பட்டம் எதுவும் தேவையில்லை, பொறுமையும் ஒரு நோட்டும் போதும். நான் என் அம்மாவழித் தாத்தாவைத் தேடப் போய் இதில் விழுந்தவன், மூன்று வருடம் தப்பான ரெஜிமென்ட்டில் தேடிய பிறகுதான் வழி பிடிபட்டது. அந்த மூன்று வருடம் உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் வீட்டுக்கதை

இணையத்தில் எதையும் தேடுவதற்கு முன்னால், வீட்டில் உயிரோடு இருக்கும் மூத்தவர்களிடம் போய் உட்காருங்கள். போனில் ரெக்கார்டு போட்டு வைத்துவிடுங்கள். "எந்த வருஷம்?" என்று கேட்டால் பதில் வராது, வந்தாலும் தப்பாக இருக்கும். "அப்போ பெரியம்மா பிறந்தாச்சா?", "அந்தப் பெரிய புயலுக்கு முன்னாலயா பின்னாலயா?" என்று கேளுங்கள். 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் வந்துவிடுவான் என்று மதராஸ் நகரமே காலியானது நினைவிருக்கும் குடும்பங்களில் "எவாக்குவேஷனுக்கு அப்புறம்தான் லெட்டர் வந்துச்சு" என்று சொல்வார்கள், வருடத்தைக் கேட்டு வாங்குவதைவிட அது பத்து மடங்கு உறுதியான தகவல்.

அவர்கள் சொல்லும் ஊர்ப் பெயரைத் திருத்தாமல், வாயில் வந்தபடியே எழுதிக்கொள்ளுங்கள். என் பாட்டி "கசீனா, கசீனா" என்று ஒரு ஊரைச் சொல்லிக்கொண்டே இருந்தார், நாங்கள் அது கஜானா என்று நினைத்துச் சம்பளக் கதையாக எடுத்துக்கொண்டோம். அது கசீனோ, இத்தாலியில் இருக்கும் ஊர். அன்றைக்கே அவர் சொன்னபடி எழுதி வைத்திருந்தால் எனக்கு மூன்று வருடம் போயிருக்காது.

அப்புறம் கேட்க வேண்டியதில் முக்கியமானது அவர் போருக்கு முன்னால் என்ன வேலை பார்த்தார் என்பது. கொத்தனார், ஆசாரி, கொல்லர், லாரி டிரைவர், கம்பவுண்டர் என்றால் படையிலும் பெரும்பாலும் அதே வேலையில்தான் போட்டிருப்பார்கள். எந்தப் பிரிவு என்று ஊகிக்க இது உதவும்.

பெட்டியைத் திறக்கும்போது

மெடலைத் தேய்த்துப் பளபளப்பாக்காதீர்கள். புளி போட்டு விளக்கிய மெடல்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன், ஒவ்வொரு முறையும் வயிறு எரியும். ஏனென்றால் உங்களுக்கு வேண்டிய தகவல் அந்த விளிம்பில்தான் இருக்கிறது. வட்ட மெடலாக இருந்தால் சுற்று விளிம்பில், நட்சத்திரமாக இருந்தால் பின்பக்கத்தில், எண், பதவி, பெயர், யூனிட் எல்லாம் சின்ன எழுத்தில் பொறித்திருப்பார்கள். முதல் போரின் மெடல்களில் இது வழக்கம். இரண்டாம் போரில் பிரிட்டிஷ் சிப்பாய்களுக்குப் பெயர் இல்லாமலே கொடுத்தார்கள், ஆனால் இந்தியச் சிப்பாய்களுக்குத் தந்த பலவற்றில் பெயர் இருக்கிறது. டார்ச்சைச் சாய்வாகப் பிடித்து, மெல்லத் திருப்பித் திருப்பி, விளிம்பை நான்கைந்து துண்டாகப் போட்டோ எடுங்கள். எழுத்து புரியாவிட்டால் மெல்லிய காகிதத்தை வைத்துப் பென்சிலால் மெதுவாக உரசுங்கள்.

ரிப்பன் இருந்தால் அதுவே பாதிக் கதையைச் சொல்லிவிடும். சிவப்பு, வெள்ளை, பச்சை, வெள்ளை, சிவப்பு என்று கோடு போட்டிருந்தால் இத்தாலி நட்சத்திரம். கருநீலத்தில் நடுவே அகலமான சிவப்பும் இரண்டு பக்கமும் ஆரஞ்சுக் கோடும் இருந்தால் பர்மா நட்சத்திரம். மணல் நிறத்தில் நடுவே சிவப்புக் கோடு ஓடினால் ஆப்பிரிக்கா, அதாவது லிபியா, எகிப்து பாலைவனப் பக்கம். என் தாத்தா பர்மாவில் இருந்தார் என்று எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறை சத்தியம் செய்தது, பெட்டியில் கிடந்தது சிவப்பு வெள்ளை பச்சை. பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் ரங்கூனிலிருந்து நடந்தே வந்தவர், அவர் கதையும் தாத்தா கதையும் திண்ணையில் எப்போதோ கலந்துவிட்டிருக்கின்றன. ஒரு எச்சரிக்கை: ரிப்பன்கள் மாறிப்போவதும் உண்டு, பின்னால் யாராவது கடையில் வாங்கிக் கோத்திருக்கலாம். விளிம்பு எழுத்தோடு ஒத்துப்போனால் மட்டும் நம்புங்கள்.

போட்டோவில் முகத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டுத் தோளையும் தலையையும் பாருங்கள். உருளை வடிவில் உயரமாக நிற்கும் தலைப்பாகை இருந்தால் அது டூப்டா, மதராஸ் சாப்பர்களின் (பாலம் கட்டுவது, கண்ணிவெடி எடுப்பது மாதிரி வேலை பார்த்த பொறியியல் படை) தனி அடையாளம், அவர்களைப் படை முழுவதும் "தம்பி" என்றுதான் கூப்பிட்டார்கள். தோளில் தைத்த துணிச் சின்னம் டிவிஷனைக் காட்டும். பருந்து என்றால் 4ஆம் இந்திய டிவிஷன், கறுப்புப் பூனை 17, நீட்டிய கத்தி 19, சண்டைச் சேவல் 23. கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறம் தெரியாது, உருவத்தை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். போட்டோவைச் சட்டத்திலிருந்து கழற்றிப் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள், ஸ்டூடியோ முத்திரையில் ஊர் இருக்கும்.

கடிதம் கிடைத்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. சென்சார் இருந்ததால் உள்ளே ஊர்ப் பெயர் இருக்காது, "நான் இங்கு சுகம்" என்று மட்டும்தான் இருக்கும். ஆனால் தபால் முத்திரையில் எஃப்.பி.ஓ. என்று போட்டு ஒரு எண் இருக்கும், அது களத்துத் தபால் நிலையத்தின் எண். எந்த எண் எந்தத் தேதியில் எந்த ஊரில் இருந்தது என்று தபால்தலை சேகரிப்பவர்கள் பட்டியலே போட்டு வைத்திருக்கிறார்கள். சென்சார் மறைத்த ஊரை முத்திரை காட்டிக்கொடுத்துவிடும்.

யூனிட் தெரியாமல் ஒரு அடி நகராதீர்கள்

என் தப்பு இங்கேதான். தமிழர், பட்டாளம், ஆகவே மெட்ராஸ் ரெஜிமென்ட் என்று நானே முடிவு செய்துகொண்டேன். உண்மையில் மதராஸ் காலாட்படையை 1920களில் செலவைக் குறைக்கிறோம் என்று சொல்லி ஒவ்வொன்றாகக் கலைத்துவிட்டார்கள், இரண்டாம் போர் வந்த பிறகுதான் மெட்ராஸ் ரெஜிமென்ட்டை மறுபடி எழுப்பினார்கள். அதனால் அந்தப் போருக்குப் போன தமிழர்களில் பலரைத் தேட வேண்டிய இடம் வேறு: மதராஸ் சாப்பர்ஸ், சப்ளை டிரான்ஸ்போர்ட் பார்த்த ஆர்.ஐ.ஏ.எஸ்.சி., உடலுழைப்பு வேலை பார்த்த பயனியர் கோர், ஆயுதக் கிடங்கு பார்த்த ஆர்டனன்ஸ், தகவல் தொடர்பு பார்த்த சிக்னல்ஸ், ஆஸ்பத்திரிப் பிரிவுகள். என் தாத்தாவின் மெடலில் "எஸ் அண்ட் எம்" என்று இருந்தது, சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ். அந்த மூன்று எழுத்தைப் படிக்க எனக்கு மூன்று வருடம்.

மெடல் இல்லையென்றால் டிஸ்சார்ஜ் சர்டிபிகேட், பென்ஷன் புத்தகம், நிலம் ஒதுக்கிய பழைய உத்தரவு எதிலாவது படை எண் இருக்கும். எண்ணுக்கு முன்னால் இருக்கும் எழுத்தையும் விடாமல் எழுதுங்கள். மாவட்டத் தலைநகரில் இருக்கும் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விதவை பென்ஷன் ஓடியிருந்தால் கோப்பு இருக்கலாம். அதற்கு மேல் ரெக்கார்டு ஆபீஸ்: மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்கு நீலகிரியில் வெலிங்டன், சாப்பர்களுக்குப் பெங்களூரு. கடிதத்தில் எண், பதவி, பெயர், அப்பா பெயர், ஊர், தோராயமாகச் சேர்ந்த வருடம், உங்களுக்கு என்ன உறவு, இவ்வளவையும் ஒரே பக்கத்தில் எழுதுங்கள். நான் முதலில் ஒரு அலுவலகத்துக்கு நான்கு பக்கத்தில் உருக்கமாக எழுதினேன், எட்டு மாதம் பதில் இல்லை. எண்ணை முதல் வரியில் வைத்து ஒரே பக்கத்தில் மறுபடி அனுப்பியபோது ஐந்து வாரத்தில் வந்தது.

பதவிப் பெயர்களும் மாறியிருக்கின்றன. அன்றைய ஜமேதார்தான் இன்றைய நாயிப் சுபேதார். ஆகவே "தாத்தா ஜமேதாரா, அப்படின்னா குதிரை பார்த்துக்கிட்டவரா" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், அவர் ஒரு பிளட்டூனையே, அதாவது ஒரு சிறு படைக்குழுவையே நடத்தியவராக இருக்கலாம்.

போர் டைரியும் பெயரில்லாத மூன்று பேரும்

யூனிட் கிடைத்துவிட்டால் அடுத்து போர் டைரி. களத்தில் இருந்த ஒவ்வொரு யூனிட்டும் தினமும் ஒரு படிவத்தில் இடம், தேதி, நேரம், என்ன நடந்தது என்று எழுதி அனுப்ப வேண்டும். லண்டனில் கியூ பகுதியில் இருக்கும் பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் இவை இருக்கின்றன. முதல் போருக்கு டபிள்யூ.ஓ. (வார் ஆபீஸ்) 95 என்ற வரிசை, அதில் நிறைய ஸ்கேன் ஆகி இணையத்திலேயே படிக்கலாம். இரண்டாம் போரில் பர்மா பக்கம் போனவர்களுக்கு டபிள்யூ.ஓ. 172, எகிப்து, லிபியா, ஈராக் பக்கத்துக்கு டபிள்யூ.ஓ. 169. இவற்றில் பெரும்பகுதி இன்னும் காகிதம்தான், லண்டனில் தெரிந்தவர்கள் இருந்தால் போய்ப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தின் அபிலேக் படல் தளத்தையும் எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தையும் மறக்காதீர்கள். ஆள் சேர்ப்பு, பஞ்சம், சிப்பாய்க் குடும்பங்களின் மனுக்கள் போன்ற விஷயங்களுக்கு எழும்பூர்தான் சரியான இடம்.

டைரியை முதன்முதலாகப் படிக்கும்போது மனசு கொஞ்சம் உடையும், அதற்குத் தயாராக இருங்கள். பிரிட்டிஷ் அதிகாரி ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால்கூடப் பெயர் போட்டு எழுதியிருப்பார்கள். நம் ஆட்கள் இறந்தால் "3 ஐ.ஓ.ஆர். பலி" என்று ஒரே வரி. இந்திய இதர பதவியினர் என்பதன் சுருக்கம் அது. பெயர் கிடையாது.

அந்தப் பெயர்களை மீட்க ஒரு வழி இருக்கிறது, இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 1917இல் தொடங்கியது, இரண்டு போர்களிலும் இறந்தவர்களின் பட்டியல் அதன் தளத்தில் இலவசமாகத் தேடக் கிடைக்கிறது. டைரியில் இருக்கும் தேதியையும் யூனிட்டையும் அங்கே போட்டுத் தேடுங்கள். அந்தத் தேதியில் அந்த யூனிட்டில் சரியாக மூன்று பெயர் வந்தால், அந்த மூன்று ஐ.ஓ.ஆர். யார் என்று ஏறக்குறைய உங்களுக்குத் தெரிந்துவிட்டது. காயப்பட்டு மறுநாள் இறந்தவர்களும் உண்டு, அதனால் இரண்டு மூன்று நாள் முன்பின்னும் பாருங்கள். பல பதிவுகளில் அப்பா பெயரும் ஊரும் இருக்கும்.

பெயரின் எழுத்து உங்களைப் படுத்தி எடுக்கும். முனுசாமியை ஆங்கிலத்தில் ஏழெட்டு விதமாக எழுதியிருக்கிறார்கள், இனிஷியலைத் தூக்கி எறிந்திருப்பார்கள். மாவட்டங்களும் பழையவை: வட ஆற்காடு, தென் ஆற்காடு, செங்கல்பட்டு, ராம்நாடு, டின்னவெல்லி. திருவண்ணாமலை மாவட்டம் என்று தேடினால் ஒன்றும் வராது. படை எண் இருந்தால் எண்ணைப் போடுங்கள், எழுத்துப் பிழை எண்ணைத் தொடாது. அப்புறம் ஒன்று, இந்து வீரர்களைத் தகனம் செய்ததால் கல்லறை தேடி ஏமாற வேண்டாம், பெயர் நினைவுச் சுவரில் இருக்கும். ரங்கூன் அருகே டாக்கியானில் இருக்கும் தூண்களில் மட்டும் ஏறக்குறைய 27,000 பெயர். இந்தப் பட்டியல் இறந்தவர்களுக்கு மட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள், 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரை, அப்புறம் 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை. திரும்பி வந்த தாத்தா அதில் இல்லையென்றால் சந்தோஷப்பட வேண்டியதுதான்.

முறையைப் பழக, நிறையப் பதிவாகியிருக்கும் ஒருவரை எடுத்துச் செய்து பாருங்கள். சுபேதார் சுப்ரமணியன், செங்கல்பட்டு காஞ்சிபுரம் பக்கம் கீழ ஒட்டிவாக்கத்துக்காரர், மதராஸ் சாப்பர்ஸ், 11ஆம் பீல்டு பார்க் கம்பெனி. 1944 பிப்ரவரி 24, இத்தாலியில் மின்யானோ அருகே கண்ணிவெடி எடுத்துக்கொண்டிருந்த குழுவில் ஒருவர் காலடியில் வெடி தட்டியது. அந்த வகை வெடி முதலில் ஒரு சின்னச் சத்தத்தோடு மேலே எழும்பி, பிறகுதான் குண்டுகளைச் சிதறடிக்கும், மிதித்ததிலிருந்து வெடிப்பதற்குள் இருப்பது சில நொடி. அவர் அதன் மேல் விழுந்து மூடிக்கொண்டார், கூட இருந்தவர்கள் பிழைத்தார்கள். இறந்த பிறகு பிரிட்டனின் உயர்ந்த வீர விருதுகளில் ஒன்றான ஜார்ஜ் கிராஸ். பிரிட்டிஷ் அரசிதழான லண்டன் கெஜட்டில் விருதுக் குறிப்பு, கல்லறை ஆணையத்தில் பதிவு, வரைபடத்தில் மின்யானோ, அங்கிருந்து சில மைல் தள்ளிக் கசீனோவில் அந்த மாதம் 4ஆம் டிவிஷன் நடத்திய தாக்குதல், இந்த நான்கையும் ஒரே பக்கத்தில் நீங்களே வரிசைப்படுத்திப் பாருங்கள். ஒரு மாலைப் பொழுதில் முடிந்துவிடும், உங்கள் தாத்தாவுக்கும் இதே வரிசைதான்.

பிடித்த கதையைத்தான் அதிகம் சோதிக்க வேண்டும்

1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் மதராஸ் மீது சுமார் 130 குண்டு போட்டது, பர்மா ஆயில் தொட்டிகள் எரிந்தன, ஹைகோர்ட் சுவரில் இன்றும் கல்வெட்டு இருக்கிறது. கூடவே, ஐரோப்பாவிலிருந்து இந்திய விடுதலைக்குப் பாடுபட்ட செண்பகராமன் பிள்ளை அந்தக் கப்பலில் வந்தார் என்று ஒரு கதை நம்மிடம் பரவலாக இருக்கிறது. எனக்கும் பிடித்த கதைதான். ஆனால் தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்: எம்டன் சீனக் கடற்கரையின் சிங்டாவோவிலிருந்து ஜூலை 31 அன்று புறப்பட்டது, அதன் பிறகு ஐரோப்பாப் பக்கமே போகவில்லை, நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவில் அழிந்தது. பிள்ளை அந்த வருடம் சூரிச்சில் இந்திய ஆதரவுக் குழு நடத்திவிட்டு பெர்லினுக்குப் போனவர். இரண்டும் ஒட்டவில்லை. அவருடைய உண்மையான வாழ்க்கையே போதுமான அளவு துணிச்சலானது, இரவல் கப்பல் அதற்குத் தேவையில்லை. தாத்தா கதையையும் இதே மாதிரி பக்கத்தை இரண்டாகப் பிரித்து, இடது பக்கம் வீட்டில் சொன்னது, வலது பக்கம் காகிதம் சொல்வது என்று எழுதுங்கள். ஒட்டாத இடத்தை அழிக்காதீர்கள், ஒட்டவில்லை என்றே எழுதுங்கள்.

உங்கள் ஆள் மலாயாவிலோ சிங்கப்பூரிலோ இருந்தவர் என்றால் வழி மாறும். 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்த பிறகு கைதியானவர்களில் சிலர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள், சேராதவர்களில் பலரை நியூகினி வரை கொண்டுபோய் வேலை வாங்கினார்கள். ஐ.என்.ஏ. என்றால் 1972க்குப் பிறகு வந்த தியாகி பென்ஷனுக்குக் கொடுத்த விண்ணப்பத்தின் நகல் வீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள், முகாம், தேதி, சக கைதிகள் பெயர் எல்லாம் அதில் இருக்கும். பெண்களை விட்டுவிடாதீர்கள், மதராஸ் டாக்டர் லட்சுமி நடத்திய ஜான்சி ராணிப் படையில் ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் நிறையப் பேர்.

ஜப்பானியர்கள் சயாமுக்கும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கும் இடையே போட்ட சயாம் ரயில்பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டவர்களைத் தேடுவதுதான் எல்லாவற்றிலும் கடினம். 415 கிலோமீட்டர் பாதை, 1943 அக்டோபரில் முடிந்தது, மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் ஆயிரம் ஆயிரமாகச் செத்தார்கள். அவர்கள் சிப்பாய்கள் இல்லை என்பதால் கல்லறை ஆணையத்தின் பட்டியலில் வரவில்லை. அங்கே வாய்வழிக் கதைதான் ஆவணம். அந்தக் குடும்பத்தில் யாராவது இருந்தால் மற்ற வேலையை ஒத்திவைத்துவிட்டு இந்த வாரமே போய்ப் பேசுங்கள்.

எழுதும்போது

பிறப்பிலிருந்து தொடங்காதீர்கள். உங்களுக்கு அதிகம் தெரிந்த ஒரே நாளை எடுத்து அங்கே தொடங்குங்கள். அன்று மழையா, என்ன சாப்பாடு, எவ்வளவு தூரம் நடந்தார்கள் எல்லாம் டைரியில் இருக்கும். நிலத்தின் ஏற்ற இறக்கம் தெரியும் வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதுங்கள், ஆறு எங்கே, மேடு எங்கே, எதிரி எந்தப் பக்கம் என்று தெரியாமல் எழுதினால் எல்லாச் சண்டையும் ஒரே மாதிரி ஆகிவிடும். தாத்தாவை நாயகன் ஆக்க வேண்டியதில்லை. தப்பி ஓடி வந்தவர், கைதியானவர், சம்பளத்துக்காக மட்டும் போனவர், எல்லாரும் இருந்தார்கள், அதையும் அப்படியே எழுதலாம்.

எழுதி முடித்துவிட்டால் ஊருக்குள் ஒரு கல்லைத் தேடிப் போங்கள். பழைய பள்ளிக்கூடச் சுவர், தாலுகா ஆபீஸ், கச்சேரி வாசல் மாதிரி இடங்களில், தமிழ்நாட்டின் பல ஊர்களில் ஒரு சலவைக்கல் பதித்திருக்கும்: 1914 முதல் 1919 வரை நடந்த பெரும் போருக்கு இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் நீத்தார்கள் என்று. எங்கள் பக்கத்து ஊர்க் கல்லில் போனவர் 22, இறந்தவர் 2, சுண்ணாம்பு பூசிப் பூசி எழுத்தே தெரியவில்லை. ஈரத் துணியால் ஒற்றிவிட்டு, சாயங்கால வெயில் பக்கவாட்டில் விழும் நேரத்தில் போட்டோ எடுத்தேன், அப்போதுதான் எண் தெளிந்தது. கல்லறை ஆணையத் தளத்தில் கூடுதல் தகவல் என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதில் ஊர்ப் பெயரை அன்றைய ஆங்கில எழுத்தில் விதவிதமாகப் போட்டுத் தேட வேண்டும். ஒன்பதாவது முறையில் ஒரு பெயர் வந்தது, அப்பா பெயரோடு. அந்த அப்பா பெயரில் ஊரில் இன்னும் ஒரு வீடு இருக்கிறது. இரண்டாவது பெயரைத்தான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன்.